உத்தரம் துடைத்த துணி

அடியே,

இன்று காலை, பூ உலர்த்த நம் மகளிர் குழு கட்டிய புதுக் கட்டடத்துக்குள் எங்களுக்கு முன்னால் நுழைந்தது ஆவாரம்பூ வாசம். வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த பூக்கூடைகளை வாசலில் இறக்கி வைத்திருந்தார்கள். பாதி பச்சிலை, பாதி தேன் என்று ஒரு வாசம் அடிக்குமே, அதேதான். உள்ளே சுண்ணாம்பு ஈரம் இன்னும் முழுசாகப் போகாத சுவர், வலை அடித்த பெரிய ஜன்னல்கள், நடுவில் குத்துவிளக்கு. நம் குழுப் பெண்கள் அத்தனை பேரும் பட்டுச் சேலையில் வந்து நின்றார்கள். விளக்கை ஏற்றி, பூவைத் தட்டுகளில் பரப்பி, பழனிக்கு நடக்கிறவர்களுக்காக முதல் அண்டாவை அடுப்பில் ஏற்றுவதாக ஏற்பாடு.

நான் ஒட்டடைக் கம்பைக் கேட்டேன்.

கணக்கு பார்க்கிற பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "புதுக் கட்டடத்துல ஏது பெரியம்மா ஒட்டடை?"

"ஒட்டடைக்கு இல்லத்தா. ஒரு வெள்ளத் துணிய நனைச்சுப் பிழிஞ்சு கொண்டா. நல்ல வெள்ளையா இருக்கணும்."

துணியைக் கம்பின் நுனியில் கட்டிக்கொண்டு நாற்காலியில் ஏறினேன். என் முழங்காலைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உன் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. வந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கம்பைத் தூக்கும்போது எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. செத்த நேரம் அப்படியே நின்றேன். நீ போன பிறகு வருகிற மூன்றாவது தை இது.

மற்றவர்களுக்கு இதைச் சொல்லி முடிக்கப் பொழுது போதாது. அதனால் உனக்கே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் உன்னைப் பற்றி உன்னிடமே பெருமை பேச எனக்கு இதுவரை வாய்க்கவில்லை. இருந்தபோது பேச ஆரம்பித்தாலே, "சரிடி, மாலையக் கழட்டு, கழுத்து வலிக்குது" என்று வாயை அடைத்துவிடுவாய். இப்போது உன்னால் அடைக்க முடியாது.

பழனி ரோட்டில் உன் வீடும் என் வீடும் எதிரெதிரே. நீ வேதக்காரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நான் ஆத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்திலிருந்து பூ மார்க்கெட் கமிஷன்காரருக்கு வாக்கப்பட்டு வந்தவள். சத்துணவுக் கூடத்தில் உனக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்தச் சாப்பாடும் பிள்ளைகள் தட்டில் விழுவதற்கு முன் உன் வாயில் விழ வேண்டும். சோறு, குழம்பு, அவித்த முட்டை, குடிக்கிற தண்ணீர் எல்லாம்தான். "மொத வாய் எனக்கு. ஏதாச்சும் கோளாறுன்னா என்னையப் படுக்கப் போடட்டும்" என்பாய். இந்தப் பழக்கத்தில் உனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்தால்கூட, பக்கத்து இலைக்காரர்கள் வெஞ்சனத்தில் கை வைப்பதற்கு முன் நீ அதை ருசி பார்த்திருப்பாய். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டு ஆட்களை முந்திக்கொண்டு பாயசத்தை நக்கிப் பார்த்து நீ பேச்சு வாங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

தைப்பூசத்துக்குக் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து நத்தம் வழியாக நடந்து வருகிறவர்கள் நம் வாசலைத் தாண்டித்தான் பழனிக்குப் போக வேண்டும். நீ முதலில் பானையில் வெறும் தண்ணீர்தான் வைத்தாய். பிறகு உனக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்து, யாரோ சொல்லி ஆவாரம்பூவைக் கொதிக்க வைத்துக் குடிக்க ஆரம்பித்தாய். ஒரு தை மாதம் உன் டம்ளரைப் பார்த்துவிட்டு நடைக்காரர் ஒருவர், "எனக்கும் ஒரு வாய் குடுங்க தாயி" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். மறு வருடம் அண்டா ஏறிவிட்டது. அண்டாவின் வாய்க்கு மல்லுத்துணியில் வேடு கட்டி, அகப்பையோடு நீ நின்றால், ரோடே உன்னை மஞ்சத்தண்ணி அம்மா என்று கூப்பிட்டது. கழுத்தில் சிலுவைச் சங்கிலி, எதிரே அரோகரா சத்தம்.

"ஒங்க சாமியார் கேட்டா என்னடி சொல்லுவ?" என்று உன்னைச் சீண்டினேன்.

"கேட்டா அவருக்கும் ஒரு டம்ளர் குடுப்பேன்" என்றாய். அவர் வந்தார், குடித்தார், இனிப்பு பத்தவில்லை என்று குறை சொல்லிவிட்டும் போனார்.

தொண்ணூறுகளின் கடைசியில் நாம் மகளிர் குழு ஆரம்பித்தோம். மற்ற குழுக்கள் ஊறுகாய், அப்பளம் என்று போனபோது நாம் ஆவாரம்பூவைப் பிடித்துக்கொண்டோம். பறிப்பதும் தரம் பிரிப்பதும் என் பாடு. பூ மார்க்கெட்டில் வாழ்கிறவளுக்கு அது பெரிய வேலை இல்லை. காய வைப்பதுதான் தலைவலி. வெயிலில் போட்டால் பூ வெளுத்துவிடும், ஈரத்தில் பூஞ்சை பூத்துவிடும். காற்று வர வேண்டும், வெயில் படக் கூடாது. அப்படி ஒரு இடத்துக்கு நாம் எங்கே போக?

உன் அண்ணன்தான் இடம் கொடுத்தார். ஊருக்கு வெளியே உங்கள் அப்பா காலத்துத் தோல் ஷாப். தோல் பதனிடுகிற வேலை நின்று, பூட்டிக் கிடந்தது. அந்தத் தோல் காய்கிற ஷெட்டை முதலில் பார்த்தபோது நான் வாயைப் பிளந்துவிட்டேன். உயர்ந்த ஓட்டுக் கூரை, நீளநீளமாகத் தேக்கு உத்தரங்கள், நாலு பக்கமும் சாய்ந்த பலகை அடித்த ஜன்னல்கள். வெயில் ஒரு பொட்டு விழாது, காற்று மட்டும் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் போகும். தோலை நிழலில் உலர்த்தக் கட்டியது. பூவை உலர்த்தவும் அதைவிட நல்ல இடம் தமிழ்நாட்டிலேயே இருக்காது என்று நான்தான் சொன்னேன்.

உன் அண்ணன் ஷெட்டைப் பார்த்துப் பார்த்துத் தயார் செய்தார். ஆள் வைக்காமல் அவரே தரையைத் தேய்த்துக் கழுவினார். மறுபடி கழுவினார். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார், பாய் விரித்தார். முதல் கூடைப் பூவைக் கொட்டியபோது அவர் ஓரமாக நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார்.

"அப்பா காலத்துல இதே ஷெட்டுக்கு வண்டி வண்டியா ஆவாரம்பட்டை வரும், தங்கச்சி. பட்டையிலதான் தோல ஊறப் போடுவாங்க. பெறகு நாங்க பட்டைய விட்டுக் குரோம் உப்புக்கு மாறுனோம். வேலை வெரசா முடிஞ்சது, ஊரு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போச்சு. இப்பத்தான் இந்த ஷெட்டுல நல்ல வாசம் அடிக்குது" என்றார் என்னிடம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீ அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு பூவைக் கிளறுவது போல நடித்தாய்.

அதிலிருந்து நம் பூவெல்லாம் அங்கேதான் காய்ந்தது. பாக்கெட் போட்டுக் கடைகளில் கொடுத்தோம். தையில் அண்டாவுக்கும் அதே பூதான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒட்டன்சத்திரத்திலிருந்து மூலிகை ஏஜெண்டு ஒருவர் வந்தார். வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனிக்குச் சரக்கு வாங்குகிறவர். நம் பூவின் நிறத்தைப் பார்த்து அசந்துபோனார். "ஏனுங்கக்கா, இப்படிப் பூவ நான் பார்த்ததே இல்லீங்க" என்றார். ஒரே ஒரு பரிசோதனை மட்டும் வேண்டும், கன உலோகம் பார்க்க வேண்டும் என்றார்.

நமக்கு அந்த வார்த்தையே புதிது. பூவில் எங்கிருந்து உலோகம் வரும் என்று நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்துக்குப் பாக்கெட் போனது. ஈயம் இல்லை, பாதரசம் இல்லை, ஆர்செனிக் இல்லை. ஆனால் குரோமியம் இருக்கிறது, குடிக்கிற பொருளில் இருக்கக் கூடாத அளவுக்கு இருக்கிறது என்று பதில் வந்தது.

நாம் இரண்டு பேரும் பஸ் ஏறி அந்த ஆய்வுக்கூடத்துக்கே போனோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகப் பேசினார். நீ விடாமல் கேட்டாய். நல்லாக் கொதிக்க வைத்தால் போய்விடாதா?

"கொதிச்சாக் கிருமி சாகும்மா. உலோகம் சாகாது."

அப்ப வடிகட்டினால்?

"தண்ணியில கரைஞ்சது துணியில நிக்காதும்மா."

நான் குடித்துக்கொண்டுதானே இருக்கிறேன், எனக்கு ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டாய். அந்தப் பெண் உன்னைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு டம்ளர்ல ஆளு விழுந்துர மாட்டாங்க. ஆனா இது தெனம் குடிக்கிற பொருள். கொஞ்சம் கொஞ்சமா உள்ள போகும். நாக்குக்குத் தெரியாது, மணமும் இருக்காது."

திரும்பும்போது பஸ் வாடிப்பட்டியைத் தாண்டியது. நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "நாக்குக்குத் தெரியாத ஒண்ணுக்கு நான் எப்படிடி காவல் இருப்பேன்?" உன் குரல் உடைந்து நான் கேட்டது அப்போதுதான். முதல் வாயை நீ சாப்பிட்டுவிட்டால் மற்றவர்களுக்கு ஆபத்து இல்லை என்றுதானே உன் வாழ்க்கையை ஓட்டினாய். அந்த நம்பிக்கை அந்தப் பஸ்ஸிலேயே போய்விட்டது.

ஆனால் ஒடிந்து உட்காரவில்லை நீ. குழம்பில் உப்பு கூடிவிட்டால் வீட்டில் ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டு நீ போட்டாயா, நீ போட்டாயா என்று விசாரிப்பார்களே, அது மாதிரி விசாரணையை ஆரம்பித்தாய். செடியா? கழுவுகிற தண்ணீரா? ஷெட்டா? ஒரே செடியில் பறித்த பூவை இரண்டாகப் பிரித்தாய். ஒரு பங்கை என் வீட்டுக் கயிற்றுக் கட்டிலில் துவைத்த வேட்டியை விரித்துக் காய வைத்தாய். இன்னொரு பங்கை ஷெட்டில் போட்டாய். ஒரு பாட்டிலில் தண்ணீரும் பிடித்தாய். மூன்றும் மதுரைக்குப் போயின. தண்ணீர் சுத்தம். கட்டில் பூ சுத்தம். ஷெட்டுப் பூவில் மட்டும் குரோமியம்.

அதை அண்ணனிடம் சொல்ல வேண்டுமே என்று நீ தயங்கினாய். அவர் முகத்தை நினைத்து நான் பயந்தேன். பயந்தது போலவே ஆயிற்று.

"என் ஷெட்டையா குத்தம் சொல்ற? இந்தக் கையால ரெண்டு தடவ கழுவி விட்டேன், பாப்பா. நாயி பூனை அண்டாம காவல் காத்தேன். லேப்புக்காரன் எவனோ சொன்னான்னு எங்கிட்ட வாரியா?"

நீ ஒட்டடைக் கம்பில் உன் பழைய வெள்ளைச் சேலைத் துண்டை நனைத்துக் கட்டி அவர் கையில் கொடுத்தாய். "நான் சொல்லலண்ணே. நீயே மேல தொடச்சுப் பாரு."

அவர் கோபத்தோடு பாயின் மேலேயே நின்று, நம் பூவுக்கு நேர் மேலே இருந்த உத்தரத்தை ஒரு இழுப்பு இழுத்தார். கம்பைக் கீழே இறக்கினார். துணி சாம்பல் பூத்த நீலமாக இருந்தது. அவர் அதை விரலில் தேய்த்துப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். அவருக்கு லேப் வேண்டியிருக்கவில்லை.

"இது குரோம் தோலத் தேய்ச்ச பொடி" என்றார் மெதுவாக. "அந்தக் காலத்துல பறந்தது. அம்புட்டும் மேல போயி ஒக்காந்திருக்கு."

காற்று வருகிறது, காற்று வருகிறது என்று நாம் கொண்டாடிய காற்றுதான் அதைப் பூவின் மேல் உதிர்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. தரையைக் கழுவினோம், சுவருக்கு வெள்ளை அடித்தோம். நம்மில் ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை. தோல் ஷாப்காரர்களுக்கு அது வெறும் கூரை. நமக்கு நல்ல நிழல். உன் அண்ணன் கம்பைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துவிட்டார். நீ போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாய்.

மறுநாள் ஏஜெண்டு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கு ஒரு சிரமமும் தெரியவில்லை. "இதுக்கு ஏனுங்கக்கா இவ்வளவு யோசனை? இனிக் கட்டில்ல காய வைக்கிற பூவ எனக்குக் குடுத்துருங்க, அது வெளிநாட்டுக்குப் போகட்டும். ஷெட்டுச் சரக்க இங்கயே தள்ளிருங்க. அதுதான் தைப்பூசம் வருதுங்களே, அண்டாவுல போட்டு அன்னதானமாக் குடுத்துட்டாப் புண்ணியமும் ஆச்சுங்க."

நீ எழுந்து நின்றாய். நீ கத்திச் சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் கத்தவில்லை. "அங்க இருக்கவன் குடிக்கக் கூடாதத, செருப்பில்லாம என் வாசல்ல நடந்து வாரவன் குடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டாய். அவர் ஏதோ சமாளிக்கப் பார்த்தார். "நீங்களே குடிச்சிட்டுத்தானே இருக்கீங்க" என்றார். "நான் ஒருத்தி. ரோட்டுல நடக்குறது ஒரு ஊரு" என்றாய். நான் அவருக்கு வாசலைக் காட்டினேன். வாசலைக் காட்டுவதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

குழுவில் எல்லாரும் உடனே உன் பக்கம் நின்றார்கள் என்று சொன்னால் பொய். மாதக்கணக்கில் குனிந்து பறித்த பூ. சில பெண்கள் மூட்டையைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். நீ அவர்களோடு உட்கார்ந்து அழுதாய். பிறகு எழுந்து மூட்டைகளைப் பேரல்களில் போட்டு மூடச் சொன்னாய். குப்பையில் கொட்டினால் யார் கிணற்றுக்குப் போகும், கொளுத்தினால் யார் மூக்குக்குப் போகும் என்று கேட்டு, தோல் ஷாப் கழிவை வாங்கி வைக்கிற இடத்துக்கே அதை அனுப்ப வைத்தாய். பேரல்களை வண்டியில் ஏற்றியது உன் அண்ணன். அவர் யாரையும் கை வைக்க விடவில்லை.

அடுத்தது கடைகள். உன் டிவிஎஸ் ஃபிஃப்டியில் நான் பின்னால் பையோடு உட்கார, கடை கடையாகப் போய்ப் பாக்கெட்டைத் திரும்ப வாங்கினோம். ஒரு கடைக்காரர் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒருத்தரும் கேக்கலையேம்மா, நீங்களா ஏன் வாரீங்க?"

"கேக்குறதுக்கு அவுகளுக்குத் தெரியணும்ல. தெரிஞ்சது நாந்தான்" என்றாய். அவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

தைப்பூசம் வந்தது. அந்த வருடம் கட்டிலில் காய வைக்க நமக்கு நேரம் போதவில்லை. அண்டாவில் வெறும் வெந்நீர். சுக்காவது தட்டிப் போடலாமே என்றேன். "கடையில வாங்குன சுக்கு எங்க காஞ்சதுன்னு எனக்குத் தெரியுமா?" என்று என் மேல் விழுந்தாய். பிடிவாதக்காரி. கூட்டம் வர ஆரம்பித்தது. இந்த வருடம் பூ இல்லை என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் மேலே கேட்க மாட்டார்கள் என்று நான் சொல்லி வைத்திருந்தேன். நீ தலையாட்டிக்கொண்டாய்.

பச்சை வேட்டிக்காரர் ஒருவர் வருடா வருடம் வருவாரே, காரைக்குடிப் பக்கம், பெரிய மீசை, பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டி நிரப்பிக்கொண்டு போவார். அவர் வந்தார்.

"என்னாத்தா, மஞ்சத் தண்ணியக் காணோம்?"

நீ சொன்னாய். ஷெட், பொடி, லேப், பேரல் எல்லாவற்றையும் சொன்னாய். பின்னால் வரிசை நின்றுவிட்டது. அவர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் நான் எதற்குப் பயந்தேனோ அதைக் கேட்டார்.

"அப்ப போன வருசம் குடுத்தீகளே, அது?"

நான் உன் முழங்கையைப் பிடித்தேன். நீ என் கையை எடுத்துவிட்டாய்.

"அதுவும் அங்க காஞ்சதுதான்யா. தெரியாமக் குடுத்துட்டேன். ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகாதுன்னு லேப்புல சொன்னாங்க. ஆனா ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு அதச் சொல்லாம இருக்க என்னால முடியல."

உன் பெயர், நம் குழுவின் பெயர், உன் அண்ணனின் பெயர் எல்லாம் அந்த மனிதரின் வாயில் இருந்தது. அவர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை காறித் துப்பியிருந்தால் பழனி வரைக்கும் அது நடந்து போயிருக்கும். உன் அண்ணன் அடுப்புக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

பச்சை வேட்டிக்காரர் பாட்டில் மூடியைத் திறந்தார்.

"தெரியாமக் குடுத்தீக. தெரிஞ்சதும் வாயத் தெறந்து சொல்றீக. ஊத்துங்காத்தா வெந்நிய" என்றார். பாட்டில் நிரம்பியதும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "அடுத்த தைக்கு நான் வாரப்ப மஞ்சத் தண்ணி இருக்கணும். ஒங்க கையால" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தோடு போனார்.

நீ அகப்பையைக் கீழே போட்டுவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாய். அகப்பையை எடுத்தது உன் அண்ணன். அன்றைக்குப் பொழுது சாயும்வரை வருகிறவர்களுக்கெல்லாம் அவர்தான் வெந்நீர் ஊற்றினார். கேட்டவர்களுக்கெல்லாம் அவரே சொன்னார்: "என் ஷெட்டுலதாங்க தப்பு. என் தங்கச்சி கண்டுபிடிச்சுட்டா." அதை அவர் ஏதோ பரிசு வாங்கியதைச் சொல்கிற மாதிரிச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் இருந்தது, அடியே. உனக்கு எதிர் வீட்டுக்காரியாக இருக்கிறேன் என்பதை ரோட்டில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

மறு வருடம் தெருவில் இருந்த கயிற்றுக் கட்டில் எல்லாம் நம்முடையதாகிவிட்டது. ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நீ கம்போடு நுழைந்து மேலே துடைத்துப் பார்த்த பிறகுதான் கட்டில் விழும். யார் வீட்டு உத்தரத்தில் எவ்வளவு அழுக்கு என்பது ஊருக்கே தெரிந்துபோய், அதனால் வந்த சண்டைகள் தனி. துணியால் துடைத்துவிட்டோம், இனி லேப் எதற்கு என்று ஒருத்தி கேட்டதற்கு, "துணி கண்ணுக்குத் தெரியுறதுக்கு. லேப்பு தெரியாததுக்கு. ரெண்டும் வேணும்" என்றாய். அந்த வருடத்துப் பூ மதுரையில் சுத்தம் என்று வந்தது. பச்சை வேட்டிக்காரரும் சொன்னபடி வந்தார். பாட்டிலை நீட்டினார், நிரப்பிக்கொண்டார், ஒரு கேள்வி கேட்கவில்லை.

உன் நெஞ்சு நின்றுபோனபோது சிலர் அந்தப் பழைய பூத்தண்ணீரை இழுத்துப் பேசினார்கள். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. தெரியாததைத் தெரிந்தது போலப் பேச நான் யாரையும் விடவில்லை. உன்னிடம் படித்ததுதான் அது.

இன்று நாற்காலியில் நின்றபடி இவ்வளவும் எனக்குள் ஓடியது. கீழே பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தார்கள். விஷயம் தெரிந்த பழைய ஆட்கள் புதியவர்களின் காதில் சொல்லியிருப்பார்கள் போல. உன் அண்ணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். இப்போது அவர் எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைத்தான் பார்க்கிறார்.

"நல்லா அழுத்தித் தொடச்சு விடு தங்கச்சி. அந்த மூலையவும் விட்றாத" என்றார்.

அழுத்தித் துடைத்தேன். ஒரு உத்தரம் விடாமல், நாற்காலியை நகர்த்தி நகர்த்தித் துடைத்தேன். கம்பை இறக்கியபோது கணக்குப் பெண் துணியை அவிழ்த்து வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாள். எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். உன் அண்ணன் விரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நீ ஒவ்வொரு தையிலும் சொல்வாயே, "வெள்ளையா வந்தா அடுப்பப் பத்த வை. இல்லாட்டிப் பூவ ஆட்டுக்குக்கூடப் போடாத" என்று. நான் அதை உன் குரலிலேயே கேட்டேன்.

துணி வெள்ளையாகவே இருந்தது, அடியே. அண்டாவில் போடுகிற பூவுக்கு மதுரைத் தாளும் போன வாரமே வந்துவிட்டது, அதிலும் ஒன்றும் இல்லை. அடுப்பைப் பற்ற வைத்துவிட்டேன்.

முதல் டம்ளரை நான்தான் குடித்தேன்.